ஒரு பக்கம் இறங்கிய வண்டி

வண்டி ஓட்டுநர் பக்கம் சாய்கிறது என்று முதலில் வாய்விட்டுச் சொன்னது எதிர்க்கடைத் தையல்காரர்தான். கடை முன்னால் நின்ற பிக்கப்பைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, உன் வண்டிக்கு இடுப்புப் பிடிப்பா?" என்று கேட்டார்.

பாப்பாவுக்கு அது முன்பே தெரியும். வளைவுகளில் வண்டி ஒரு பக்கம் அமுங்கி, எழுந்திருக்க யோசிப்பதை அவள் இருக்கையில் உட்கார்ந்தே உணர்ந்திருந்தாள். ஆனால் வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்பதும் தெரியும். அதனால் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

பாப்பா என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். அவளுக்கு நாற்பது ஆகிவிட்டது. ஆள் வாட்டசாட்டம். இரும்பு பீரோவின் ஒரு முனையைத் தனியாகவே தூக்கிவிடுவாள். கணவன் போன பிறகு அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்தவள், சும்மா உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் அண்ணன் கடையின் வண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். பழைய பீரோ, கட்டில், மேசைகளை வாங்கிச் சரிசெய்து விற்கும் கடை அது. வியாபாரம் பேசுவது அண்ணன், கல்லாவில் உட்காருவது அண்ணி, வண்டி பாப்பா. வண்டியின் காகிதங்கள் அண்ணன் பெயரில் இருந்தாலும், ஆயில் மாற்றுவதிலிருந்து பிரேக் கட்டை மாற்றுவது வரை எல்லாம் அவள்தான்.

தையல்காரர் சொன்னதைக் கேட்டு அண்ணன் சிரித்தான்.

"அவ உக்கார்ற பக்கம்தானே இறங்கும்? இதுல என்ன அதிசயம்?"

சுமை தூக்குகிறவனும் சிரித்தான். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பதால் அவனை எல்லோரும் ஒட்டடை என்றுதான் கூப்பிடுவார்கள். பாப்பாவும் கூடவே சிரித்து வைத்தாள். உள்ளே மட்டும் சுருக்கென்றது.

அன்று மதியம் வண்டியைக் காலி செய்து, கிடங்கின் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தினாள். நான்கு டயருக்கும் ஒரே அளவு காற்று இருக்கிறதா என்று பார்த்தாள். கீழே இறங்கி நின்று, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரைக்கும் டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்தாள். ஓட்டுநர் பக்கம் மூன்று விரல் அளவுக்குக் குறைவாக இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். வண்டியில் யாருமே இல்லை, பார்த்துக்கொள் என்றாள்.

அவன் டேப்பையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். "நீ இறங்கின பிறகும் வண்டிக்கு உன் ஞாபகம் போகலை போலிருக்கு" என்றான்.

அதற்கு மேல் அவனிடம் பேசுவதில் பயனில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள். பின்சக்கரங்களைத் தாங்குவது வில்போல வளைந்த இரும்புப் பட்டைகள்தான். பக்கத்துக்கு ஒரு கட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஓட்டுநர் பக்கத்துக் கட்டின் மேல்பட்டை வளைவே இல்லாமல் பலகைபோல நிமிர்ந்துவிட்டிருந்தது. இரண்டாவது பட்டையில் முனைக்குப் பக்கத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். விரலை வைத்துத் தடவினால் நகம் மாட்டியது.

அந்தப் பக்கம் மட்டும் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சொருகிவிட்டால் போதும், வண்டி நிமிர்ந்துவிடும் என்பது அண்ணனின் யோசனை. நிமிரும், ஆனால் விரிசல் அப்படியேதான் இருக்கும் என்று பாப்பா சொன்னாள். ஒரு பக்கம் விறைப்பும் ஒரு பக்கம் தொய்வுமாக இருந்தால் பாரத்தோடு வளைவில் திரும்பும்போது வண்டி தூக்கிப் போடும் என்றாள். "செருப்பு அறுந்தா ரெண்டு காலுக்கும் சேத்துத்தானே வாங்குவே?" என்று கேட்டாள். எதைச் சொன்னாலும் முட்டுக்கட்டை போடுகிறாள் என்று அவன் முனகினான். அண்ணிதான் நடுவில் புகுந்து, வண்டி படுத்துக்கொண்டால் பீரோவை உன் தலையிலா சுமப்பாய் என்று கேட்டு அவனைச் சம்மதிக்க வைத்தாள். இரண்டு பக்கத்துக்கும் புதிய பட்டைக் கட்டுகள் வந்தன. பட்டைக் கட்டையும் அச்சையும் சேர்த்துக் கவ்வும் யூ போல்ட்டுகள் மட்டும் பழையதே நன்றாகத்தானே இருக்கிறது என்று அண்ணன் சொன்னான். போல்ட்டும் புதிதாகத்தான் போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சண்டை ஜெயித்த கையோடு இன்னொன்று வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தாள்.

மறுநாள் காலையில் வேலையை ஆரம்பித்தாள். ஒரு பக்கம் நன்றாகவே முடிந்தது. ஓட்டுநர் பக்கம் புதிய பட்டைக் கட்டைத் தூக்கி வைத்து, அதன் அடியில் குமிழாக நீட்டிக்கொண்டிருக்கும் நடு போல்ட்டின் தலையை அச்சின் மேலுள்ள குழியில் சரியாக உட்கார வைத்து, யூ போல்ட்டுகளை மாட்டி, நட்டுகளைக் கையாலேயே திருகிவிட்டு, சக்கரத்தைப் பூட்டி ஜாக்கியை இறக்கினாள். வண்டியின் எடை பட்டைமேல் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. அப்படி இறுக்கும்போது ஒரு போல்ட்டின் மரை வழுக்கிக்கொண்டது. நட்டு சும்மா சுற்றியது. எத்தனை சுற்றினாலும் பிடிக்கவில்லை.

அவள் எதிர்பார்த்ததுதான். வழுக்கின போல்ட்டைக் கழற்றி மாதிரிக்குப் பையில் போட்டுக்கொண்டாள். இன்னொன்று கையால் திருகிய நிலையிலேயே இருந்தது. முன்சக்கரங்களுக்குப் பின்னால் முட்டுக்கட்டைகளை வைத்துவிட்டு, ஸ்கூட்டரில் உதிரிபாகக் கடைக்குக் கிளம்பினாள். பெரிய ஸ்பேனர் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும்.

முதல் கடையில் அந்த அளவு இல்லை. இரண்டாவது கடைக்காரர் அலமாரி அலமாரியாகத் துழாவிக் கடைசியில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் திரும்பி வந்து கிடங்கு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது வண்டி இல்லை.

சிமெண்டுத் தரையில் இரண்டு முட்டுக்கட்டைகளும் ஓரமாக உதைத்துத் தள்ளப்பட்டுக் கிடந்தன. ஸ்பேனர் அவள் வைத்த இடத்திலிருந்து சுவரோரமாக நகர்ந்திருந்தது. 

கடைக்குள் ஓடினாள். அண்ணி கல்லாவில் இருந்தாள்.

"அண்ணி, வண்டி எங்க?"

"மேட்டு விடுதிக்கு பீரோ ஏத்திக்கிட்டுப் போயிட்டாரே. நாளைக்குன்னு சொன்னவங்க இன்னைக்கே வேணும்னு போன் பண்ணிட்டாங்க. டயரெல்லாம் மாட்டியாச்சு, வேலை முடிஞ்சுதுன்னு சொன்னாரே, முடியலையா?"

பாப்பா அண்ணனின் போனுக்கு அடித்தாள். அது அண்ணியின் மேசையிலேயே, சார்ஜ் போட்ட இடத்தில் மணியடித்தது. ஒட்டடையிடம் போன் கிடையாது.

முட்டுக்கட்டைகளையும் ஸ்பேனரையும் ஒரு சாக்கில் போட்டு ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் திணித்தாள். கைகள் தாமாக இதையெல்லாம் செய்துகொண்டிருந்தன. மனம் அந்த ஒற்றை போல்ட்டின் மேலேயே இருந்தது. சமதரையில் மெதுவாகப் போனால் பாரமே பட்டையை அச்சின்மேல் அழுத்திப் பிடித்திருக்கும். ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் போதும், குழியிலிருந்து குமிழ் துள்ளி வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு பக்கச் சக்கரம் தன் இஷ்டத்துக்கு நகரும். விடுதிக்குப் போகும் வழியோ கடைசியில் ஒரே ஏற்றம். சிமெண்டு போட்ட, வழவழவென்ற ஏற்றம். அதன் அடியில், பெரிய சாலையோடு சேரும் இடத்தில் பேருந்து நிறுத்தம்.

ஒவ்வொரு வேகத்தடையைத் தாண்டும்போதும் இதில் வண்டி தாங்கியிருக்குமா என்று பார்த்தபடியே போனாள். எதிரே கூட்டமாக யாராவது நின்றால் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தாள். நல்லவேளை, வழியில் ஒன்றும் இல்லை.

ஏற்றத்தின் பாதியில் வண்டி நின்றிருந்தது.

பின்னாலிருந்து பார்த்ததுமே புரிந்துவிட்டது. உடம்பு ஒரு பக்கம் பார்க்க, பின்சக்கரங்கள் வேறு பக்கம் பார்த்தன. ஓட்டுநர் பக்கப் பின்சக்கரம் முன்னால் தள்ளிப்போய் மட்கார்டில் உரசிக்கொண்டிருந்தது. ரப்பர் தீய்ந்த நாற்றம் வந்தது. நிமிர்த்தி நிற்க வைத்துக் கயிறு கட்டிய நான்கு பீரோக்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தன. ஒட்டடை வண்டியின் பின்கதவில் தோளைக் கொடுத்து, கால்களைப் பரப்பி, முழு வண்டியையும் தான்தான் தாங்குகிறவன்போல நின்றிருந்தான்.

"ஓரமா வா" என்றாள் பாப்பா. "அது வந்தா உன்னால பிடிக்க முடியாது."

"முதலாளி விட வேணாம்னாரு அக்கா."

"நான் சொல்றேன். வா. கீழ போய் ஸ்டாப்புல நிக்கிறவங்களைத் தள்ளிப் போகச் சொல்லு. ஒருத்தரும் நேர நிக்கக் கூடாது."

அவன் ஓடினான். அவள் ஓட்டுநர் ஜன்னலுக்குப் போனாள். அண்ணன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, இருக்கையில் பாதி எழுந்த நிலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வேர்வை. 

"பாப்பா, காலை எடுக்க முடியலை. கியர்லதான் போட்டிருக்கேன். ஹேண்ட் பிரேக் தொளதொளன்னு வருது. அவன் பின் சக்கரத்துக்குச் செங்கல் கூட வச்சான். காலை எடுத்தா பின்னாடி ஏதோ நகருது, வண்டி இறங்குது."

நகராமல் என்ன செய்யும். கியரும் செங்கலும் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். சக்கரமும் அச்சும் அங்கேயே நிற்க, அச்சிலிருந்து கழன்ற வண்டிதான் அதன்மேல் வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தது. இப்போது அத்தனை பாரத்தையும் உண்மையில் பிடித்திருந்தது முன்சக்கரங்கள்தான். அவற்றைப் பிடித்திருந்தது அண்ணனின் கால்.

அவள் குனிந்து அடியில் பார்த்தாள். ஹேண்ட் பிரேக் கம்பி அறுந்து தொங்கியது. அச்சுக்குப் போகும் பிரேக் ஆயில் ரப்பர் குழாய், முறுக்கிக் கட்டிய கயிறுபோல விறைத்து நின்றது. இன்னும் இரண்டு விரல் அச்சு நகர்ந்தால் அது அறுந்துவிடும். அறுந்தால் பிறகு முன்பிரேக் மட்டும் இந்தச் சரிவில் இவ்வளவு எடையைத் தாங்குமா என்பது அவளுக்குத் தெரியவில்லை. இதை அவனிடம் சொல்லவில்லை.

முட்டுக்கட்டைகளை எடுத்து வந்து முன்சக்கரங்களுக்குப் பின்னால் வைத்து, ஸ்பேனரின் தலையால் அடித்து இறுக்கினாள்.

"கொஞ்சமா, கொஞ்சமா விடு. நான் சொன்னதும் மிதி."

வண்டி முனகியது. ஓட்டுநர் பக்கக் கட்டை நின்றது. மறுபக்கத்துக் கட்டை சிமெண்டில் கரகரவென்று வழுக்கியது.

"மிதி" என்றாள். வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஒரு பீரோவின் கதவு கயிற்றுக்குள்ளேயே டமாரென்று அடித்துக்கொண்டது. கீழே நிறுத்தத்திலிருந்து யாரோ கத்தும் சத்தம் கேட்டது.

 வழுக்காமல் பிடிக்க ஏதாவது வேண்டும். வண்டியின் கதவைத் திறந்து, உட்காருகிறவர்கள் கால் வைக்கும் ரப்பர் விரிப்பை உருவினாள். அதைக் கட்டைக்கு அடியில் போட்டு மறுபடியும் அடித்து இறுக்கினாள். இந்த முறை அவன் காலைத் தளர்த்தியபோது ரப்பர் கீச்சென்று கத்தியது. கட்டை அசையவில்லை.

அவன் பெருமூச்சு விட்டான். ஆனால் இறங்கலாமா என்று கேட்டதற்கு அவள் வேண்டாம் என்றாள். கட்டையை மட்டும் நம்பிவிட முடியாது. பீரோக்களை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கினாலோ பாரம் குறைந்து பட்டை மேலே எழும்பும், அச்சு முழுவதும் கழன்றுகொள்ளும். அதனால் முதலில் புதிய போல்ட்டைப் போட்டு, அச்சை அது இருக்கிற இடத்திலேயே கவ்வ வைக்க வேண்டும். அதற்கு அடியில் போகாமல் முடியாது.

நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்த ஒட்டடை, தான் போவதாகச் சொன்னான். அவன் உடம்புக்கு அந்த இடம் தாராளம். ஆனால் எந்த நட்டு எது என்று அவனுக்கு வெளியிலிருந்து சொல்லிப் புரியவைக்க நேரமில்லை. பாப்பா அவனை முட்டுக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாள். அது நூல் அளவு அசைந்தாலும் கத்த வேண்டும்.

பின்பக்கமாக மல்லாந்து படுத்து, குதிகாலால் உந்தி உள்ளே நகர்ந்தாள். இறங்கிய பக்கம் அது. இடம் போதவில்லை. மூச்சை வெளியே விட்டுத்தான் நுழைய முடிந்தது. உள்ளே போன பிறகு முழுதாக மூச்சை இழுக்கவும் முடியவில்லை. முகத்துக்கு ஒரு சாண் மேலே வண்டியின் அடிச்சட்டம். தோளுக்குப் பக்கத்தில் பின்சக்கரம். போல்ட்டைப் பட்டைக் கட்டின்மேல் மாட்டினாள். அச்சுக்கு அடியிலுள்ள தகட்டின் ஓட்டைக்குள் ஒரு கால் நுழைந்தது, மறுகால் நுழையவில்லை.

மேலே பிரேக் பெடல் லேசாகச் சீறியது. பிறகு மறுபடியும் சீறியது. அண்ணனின் கால் நடுங்குகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"அண்ணே, ஏதாவது பேசிக்கிட்டே இரு."

"என்ன பேச?"

"எதையாவது. உன் சத்தம் நின்னா எனக்குப் பயமா இருக்கு."

 கடைக்குள் நுழைந்தவுடன் இடது பக்கத்திலிருந்து என்னென்ன இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தான். கண்ணாடி வைத்த பீரோ. கால் ஆடுகிற சாப்பாட்டு மேசை. டாக்டர் வீட்டுக் கட்டில். யாரும் வாங்காத அந்தப் பச்சை நாற்காலிகள். வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோலவே, ஒவ்வொன்றும் நல்ல மரம், நல்ல இரும்பு என்று சேர்த்துக்கொண்டான். குரல் மட்டும் அவன் குரலாக இல்லை.

அவள் ஸ்பேனரின் தலையால் போல்ட்டை இரண்டு தட்டுத் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் மேலே துருப் பொடி உதிர்ந்து கண்ணில் விழுந்தது. மறுகாலும் நுழைந்தது. நட்டைக் கையால் திருகி ஏற்றிவிட்டு ஸ்பேனரை மாட்டினாள். இழுக்க இடமில்லை. கால் சுற்று, மறுபடி மாட்டு, இன்னொரு கால் சுற்று.

பச்சை நாற்காலிகளைத் தாண்டியதும் அவன் பேச்சு நின்றது.

"அண்ணே?"

"பாப்பா, நான் பாத்தேன்."

"எதை?"

"ஸ்பேனர் கிடந்ததை. டயர் கிட்டயே கிடந்துச்சு. வேலை முடிஞ்சிருந்தா நீ அதைத் தொடச்சு வச்சுட்டுத்தான் போவே. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நகர்த்தி வச்சுட்டு வண்டியை எடுத்துட்டேன். நீ வந்தா இன்னைக்கு முடியாதுன்னு சொல்லுவேன்னு நினைச்சேன்."

 இன்னொரு கால் சுற்று இழுத்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. காலை அழுத்து."

அதற்குப் பிறகு அவன் கடைப் பொருட்களைச் சொல்லவில்லை. 'இருக்கேன், இருக்கேன்' என்று மட்டும் விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். அது போதுமாக இருந்தது. நட்டுகள் இறுகின. பழைய போல்ட்டின் நட்டுகளையும் இழுத்து முடித்தபோது ஸ்பேனர் இனி நகரவில்லை. அவள் ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது, ஆனால் முழுதாக இருந்தது.

வெளியே வந்தபோது ரவிக்கையின் தோள் கிழிந்திருந்தது. முழங்கையிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. எப்போது வெட்டியது என்று தெரியவில்லை. பேருந்துக்கு நின்றவர்களில் நாலைந்து பேரை ஒட்டடை கூட்டி வந்திருந்தான். கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்து, சாய்ந்த பக்கம் யாரையும் நிற்க விடாமல், பீரோக்களை ஒவ்வொன்றாக இறக்கி வழியோரச் சுவரை ஒட்டி வைத்தார்கள். கடைசி பீரோவும் இறங்கிய பிறகுதான் பாப்பா ஜன்னலுக்குப் போய், இனி காலை எடுக்கலாம் என்றாள்.

அவன் எடுத்தான். வண்டி அசையவில்லை. கதவைத் திறந்து தரையில் கால் வைத்தவன் அப்படியே மடங்கிப் போனான். அவள் அக்குளில் கை கொடுத்துப் பிடித்துச் சுவரோரம் உட்கார வைத்தாள். வலது கால் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அவன் இரண்டு கையாலும் தொடையை அமுக்கிப் பிடித்துப் பார்த்தான், நிற்கவில்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாய்வரை வந்த வார்த்தைகள் நிறைய இருந்தன. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனது நானும்தானே என்ற எண்ணம் குறுக்கே வந்தது. ஒரு சீட்டு எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டியிருக்கலாம். ஒட்டடையிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"கீழ ஒரு பொம்பளை, கையில குழந்தையோட நின்னுச்சு" என்றான் அண்ணன். "கண்ணாடியில தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

"தள்ளிப் போயிட்டாங்க" என்றாள் அவள். "எல்லாரும் தள்ளிப் போயிட்டாங்க."

விடுதிக்காரர் மேலிருந்து இறங்கி வந்து, என்ன இவ்வளவு நேரம் என்று சத்தம் போட்டார். அண்ணன் அவரிடம் எதுவும் பேசவில்லை. வழக்கமாக அவன் பேச்சுக்கு முன் யாரும் நிற்க முடியாது. பாப்பாதான் எழுந்து, பீரோவை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், ஆட்களை வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம், வண்டி இன்று இதற்கு மேல் ஏறாது என்றாள். அவர் நின்ற வண்டியையும் அவள் முழங்கையையும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

வண்டியை மறுநாள் கட்டி இழுத்து வந்தார்கள். பாப்பா எல்லாவற்றையும் மறுபடியும் பிரித்தாள். நடு போல்ட் வளைந்திருந்தது, குழியின் விளிம்பு நசுங்கியிருந்தது. புதிய நடு போல்ட், நான்கு யூ போல்ட்டுகளும் புதியவை, பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கம்பி என்று எல்லாம் வாங்கி வந்தது அண்ணன். எதற்கும் ஏன் என்று கேட்கவில்லை. கடைசி இறுக்குக்கு ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகி இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். டேப் வைத்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டியது. சுமை ஏற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிய பிறகுதான் அவள் கையைக் கழுவினாள்.

நடந்ததை அண்ணியிடம் அவன் எப்படிச் சொன்னான் என்று பாப்பாவுக்குத் தெரியாது. அண்ணி அவள் முழங்கைக்குக் கட்டு மாற்றும்போது வழக்கத்தைவிட மெதுவாகக் கட்டினாள்.

அடுத்த வாரம் அதே விடுதிக்குக் கட்டில்கள் கொண்டுபோக வேண்டியிருந்தது. பாப்பா ஓட்டினாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். பேருந்து நிறுத்தத்தில் திரும்பி ஏற்றத்தின் அடிக்கு வந்ததும் அவன் நிறுத்தச் சொன்னான். பின்னால் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்து வருகிறேன் என்றான். கயிற்றை அவள் கிளம்பும்போதே பார்த்திருந்தாள். சரி என்று மட்டும் சொன்னாள்.

முதல் கியரில் மெல்ல ஏறினாள். வண்டி நேராக ஏறியது. கண்ணாடியில் அவன் பின்சக்கரத்தைப் பார்த்தபடி, ஓரமாக, வேகமாக நடந்து வருவது தெரிந்தது. மேலே போய் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காத்திருந்தாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தான். முகத்தைத் துடைத்துக்கொள்ள அவள் துண்டை நீட்டினாள். பிறகு அவளும் இறங்க, இரண்டு பேரும் பின்னால் போய்க் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.